எம்.சி. ரோட்டு ரெய்டும் வியாசர்பாடி கானாவும்: அறிவுசார் சொத்தில் போலீசுக்கு என்ன வேலை?

கேள்வி கேட்டவர் ராயபுரத்துக்காரர். அவருடைய தம்பிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் டி-ஷர்ட் கடை. போன வாரம் ஒரு கம்பெனியின் ஆள் எஸ்.ஐ.யைக் கூட்டிக்கொண்டு வந்து, காப்பிரைட் கேஸ் என்று சொல்லி, சரக்கை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போய்விட்டார். அதே குடும்பத்தில், வியாசர்பாடியில் இருக்கும் மச்சான் பையன் சொந்தமாகக் கட்டிய கானாவை யாரோ எடுத்துப் பாடி, தங்கள் பெயரில் யூடியூபில் போட்டு லட்சக்கணக்கில் பார்வை வாங்கிவிட்டார்கள். அவன் ஸ்டேஷனுக்குப் போனால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்கள். "இந்தச் சட்டம் யாருக்குத்தான்? மூளையில் உதித்ததைச் சொத்து என்று சொல்லி அதைக் காப்பாற்ற அரசு எதுவரைக்கும் வரலாம்?" என்பது கேள்வி.

ஜார்ஜ் டவுன் கோர்ட்டு வாசலில் பல வருடமாக நிற்கிறேன். ரெய்டில் மாட்டியவர்களுக்காகவும் ஆஜராகியிருக்கிறேன், பாட்டைப் பறிகொடுத்தவர்களுக்காகவும் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். ஆகவே பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் வேடிக்கையைப் பாருங்கள். தம்பி மேல் போட்டதும் காப்பிரைட் சட்டம் 63-வது பிரிவுதான். மச்சான் பையனுடைய பாட்டைத் திருடியவன் மேல் போட வேண்டியிருந்தால் அதுவும் அதே 63-தான். ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இந்தக் குற்றம் போலீஸ் தானாகவே வழக்குப் பதியக்கூடியது, ஜாமீனில் விட முடியாதது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. (ஜாமீனே கிடைக்காது என்று பொருளில்லை, ஸ்டேஷனில் கேட்க முடியாது, மாஜிஸ்ட்ரேட்டிடம் கேட்க வேண்டும்.) அப்படியானால் ஒரே பிரிவு எம்.சி. ரோட்டில் கிரிமினலாகவும் வியாசர்பாடியில் சிவிலாகவும் எப்படி ஆனது? புகார் கொடுத்தவர் யார் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ரெய்டு எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிராண்டு கம்பெனி நேரே வராது. அதனிடம் பவர் வாங்கிய ஏஜென்சி ஒன்று இருக்கும். அதன் ஆள் இரண்டு நாள் முன்பே வாடிக்கையாளர் மாதிரி வந்து, ஒரு பீஸ் வாங்கி, பில் கேட்டிருப்பார். அப்புறம் ஒரு சாயங்காலம், கூட்டம் நெரியும் நேரத்தில், எஸ்.ஐ., இரண்டு காவலர், கையில் லெட்டர். ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். லோகோ போட்டது, போடாதது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. அடுக்கு அடுக்காக அப்படியே சாக்கில் போகும். மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருள்களைக் குறிக்கும் தாளில், கையெழுத்துப் போடும் சாட்சி இரண்டு பேரும் அந்த ஏஜென்சி வண்டியிலேயே வந்திறங்கியவர்களாக இருப்பார்கள். கடைப் பையன் கேட்பான்: "இன்னா சார், நாங்க இன்னா கஞ்சாவா விக்கிறோம்?" அவன் கேட்பதில் சட்டமும் இருக்கிறது என்பது அவனுக்கே தெரியாது.

என்ன சட்டம் என்றால், லோகோ என்பது டிரேட்மார்க். டிரேட்மார்க் விவகாரத்துக்கு 1999-ஆம் வருடத்துச் சட்டம் தனியாக இருக்கிறது. அதன் 115-வது பிரிவின்படி வாரன்ட் இல்லாமல் சோதனை போட வேண்டுமானால் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வர வேண்டும். அது மட்டுமில்லை, சோதனைக்கு முன்பே டிரேட்மார்க் பதிவாளரிடம் கருத்துக் கேட்டு வாங்கி, அதன்படி நடக்க வேண்டும். இவ்வளவு சிரமம் யாருக்கு வேண்டும்? காப்பிரைட் சட்டத்தின் 64-வது பிரிவில் எஸ்.ஐ. போதும், பதிவாளர் வேண்டாம், அவருக்குத் "திருப்தி" ஏற்பட்டால் போதும். ஆகவே லோகோவை ஒரு ஓவியம் என்று சொல்லி, ஓவியத்துக்குக் காப்பிரைட் உண்டு என்று புகாரை எழுதிவிடுகிறார்கள். பாராளுமன்றம் முன்வாசலில் வைத்த பூட்டை இவர்கள் கொல்லைப்புறமாகச் சுற்றி வருகிறார்கள்.

அந்த 64-வது பிரிவும் பிறக்கும்போது இப்படி இல்லை. 1957-ல் சட்டம் வந்தபோது, மாஜிஸ்ட்ரேட் வழக்கை ஏற்ற பிறகுதான் போலீஸ் பொருளைக் கைப்பற்ற முடியும். தண்டனையும் அதிகபட்சம் ஒரு வருடம். 1984-ல் வீடியோ கேசட் பயம் வந்தது. தண்டனையை மூன்று வருடமாக்கினார்கள், குறைந்தபட்சம் ஆறு மாதம் என்றார்கள், மாஜிஸ்ட்ரேட்டை நடுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். குற்றம் நடந்திருந்தால் மட்டுமில்லை, "நடக்கக்கூடும்" என்று எஸ்.ஐ. நினைத்தாலே அள்ளலாம். ஒரு தனிமனிதனின் கடைக்கும் அரசின் கைக்கும் நடுவில் நீதிபதி ஒருவர் நிற்க வேண்டும் என்பதுதான் தனிமனித உரிமை என்று நான் புரிந்துகொண்டிருப்பது. சினிமாக்காரர்களின் அவசரத்துக்காக அந்த ஆளை நாற்பது வருடம் முன்பே நகர்த்திவிட்டோம், அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதும் இல்லை.

இப்போது பேட்டன்ட் பக்கம், அதாவது கண்டுபிடிப்புக்கான உரிமை பக்கம் வாருங்கள். அறிவுசார் சொத்திலேயே பணம் அதிகம் புரள்கிற இடம் அது. ஒரு மருந்துக் கம்பெனி இன்னொரு கம்பெனியின் பேட்டன்டை மீறினால் எத்தனை வருடம் சிறை தெரியுமா? ஒரு நாள் கூட இல்லை. பேட்டன்ட் மீறல் இந்தியாவில் குற்றமே கிடையாது. நஷ்ட ஈடு, தடையாணை, அவ்வளவுதான். புற்றுநோய் மருந்து நெக்ஸாவார் விஷயத்தில் அரசு இன்னும் ஒரு படி போனது. ஒரு மாத மருந்து சுமார் 2,80,000 ரூபாய் என்று பேயர் விற்றதை, 8,880 ரூபாய்க்குத் தயாரித்து விற்க நாட்கோ கம்பெனிக்கு 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் கொடுத்தார்கள். அந்த மேல்முறையீட்டை 2013-ல் விசாரித்து உறுதி செய்த தீர்ப்பாயத்தின் தலைமையகம் அப்போது நம் சென்னையில்தான் இருந்தது. அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். உயிர் காக்கும் மருந்தில், சொத்துரிமை என்றால் அளவோடுதான் என்று சொல்லத் தெரிந்த அரசுக்கு, 200 ரூபாய் டி-ஷர்ட்டில் அந்த அளவு தெரியாமல் போவதுதான் எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பேட்டன்ட் அலுவலகம் கிண்டியில், ரெய்டு வண்ணாரப்பேட்டையில். கோட் போட்டவர்கள் மோதிக்கொண்டால் அது வழக்கு. பிளாட்பாரத்தில் நடந்தால் குற்றம்.

இதன் உச்சம் குண்டர் சட்டம். 1982-ல் வந்த தமிழ்நாடு சட்டம் 14. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள், போதைப் பொருள் குற்றவாளிகள், ரவுடிகள், குடிசைப் பகுதி நிலத்தைப் பறிப்பவர்கள் என்று ஒரு பட்டியல். 2004-ல், ஜெயலலிதா ஆட்சியில், அந்தப் பட்டியலில் "வீடியோ திருடர்கள்" சேர்ந்தார்கள். திருட்டு விசிடி விற்றவனை விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். சென்னையில் ஆணை போடுபவர் போலீஸ் கமிஷனர். அந்த ஆணை சரியா என்று பார்க்க அறிவுரைக் கழகம் என்று ஒன்று உண்டு, அது ஏழு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். ஆனால் அதன் முன்னால் உங்களுக்காக வக்கீல் ஆஜராக முடியாது. கொலைக் கேஸில் கூட இருக்கிற உரிமை, புதுப் படம் விற்றவனுக்கு இல்லை.

பர்மா பஜாரை நினைத்துப் பாருங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களுக்குப் பீச் ஸ்டேஷன் எதிரே பிழைக்க ஒதுக்கிக் கொடுத்த இடம். ஒரு காலத்தில் வெளிநாட்டு சென்ட், டேப் ரெக்கார்டர், அப்புறம் விசிடி, டிவிடி. 'மாஸ்டர் பிரின்ட் வந்துச்சாண்ணே' என்று கேட்டு வாங்கிய கூட்டத்தில் நீங்களும் நானும் இருந்தோம், இல்லை என்று யாரும் சத்தியம் பண்ண வேண்டாம். வாங்கியவன் வீட்டில், விற்ற பையன் புழலில். உச்ச நீதிமன்றம் 1965-லேயே ராம் மனோகர் லோகியா வழக்கில் சட்டம்-ஒழுங்கு வேறு, பொது அமைதி வேறு என்று பிரித்துச் சொன்னது. சிலருக்கு நஷ்டம் தருகிற எல்லாக் குற்றமும் ஊர் அமைதியைக் குலைத்துவிடாது. விசிடி விற்றால் ஊரில் என்ன கலவரம் வரும்? தயாரிப்பாளருக்கு நஷ்டம் வரும், அது உண்மை. நஷ்டத்துக்கு நஷ்ட ஈடுதான் மருந்து. இந்த ஆணைகளில் நிறைய, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவில் ரத்தாகியும் இருக்கின்றன: காகிதம் தாமதம், தமிழாக்கம் தரவில்லை, இப்படி. ஆனால் ரத்தாகும்போது பையன் நாலைந்து மாதம் உள்ளே கழித்திருப்பான்.

விசிடியை ஒழித்தது குண்டர் சட்டம் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அதை ஒழித்தது 2016-க்கு அப்புறம் வந்த மலிவு டேட்டா. அதே கடைகளில் இன்று செல்போன் கவரும் சார்ஜரும் தொங்குகின்றன. திருட்டு மட்டும் டெலிகிராமுக்குக் குடி போய்விட்டது.

இணையத்திலும் கதை இதுதான். 2012-ல் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பெயர் தெரியாதவர்கள் மேல் தடையாணை கொடுத்தது. இன்டர்நெட் கம்பெனிகள் அதை வைத்துக்கொண்டு, யோக்கியமாக வீடியோ போடுகிற தளங்களையும் சேர்த்து முழுசாக மூடிவிட்டன. படம் இருக்கிற குறிப்பிட்ட பக்கத்தை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றமே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. பாடம் படித்தார்களா? 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக 2,600-க்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியல் போனது. அதில் பழைய புத்தகங்களையும் பழைய இணையப் பக்கங்களையும் சேமித்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தது. நாட்டில் பலரால் அதைத் திறக்க முடியவில்லை. பட்டியலைத் தயாரித்தது படக் கம்பெனித் தரப்பு, மூடியது அரசு, கஷ்டப்பட்டது படமே பார்க்காத ஆராய்ச்சி மாணவன். சொத்தைக் காக்கிறேன் என்று வருகிற கை இப்படித்தான் பக்கத்து வீட்டுச் சுவரையும் இடிக்கிறது.

தயாரிப்பாளர் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். "வெள்ளிக்கிழமை ரிலீஸ், சனிக்கிழமை எல்லாப் போனிலும் படம், சிவில் கேஸ் போட்டுத் தீர்ப்பு வருவதற்குள் நான் வீட்டை விற்றுவிடுவேன்" என்பார்கள். வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்த சின்னத் தயாரிப்பாளர் சொல்லும்போது எனக்கு மறுக்க வாய் வருவதில்லை. தியேட்டரில் கேமரா வைத்துப் பதிவு செய்கிறவனுக்கு 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, படச் செலவில் ஐந்து சதவீதம் வரை அபராதம் என்று கொண்டுவந்தார்கள். அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஊற்றுக்கண்ணில் கை வைக்கிறது, விசாரணை உண்டு, தீர்ப்பு உண்டு. ஒரு மணி நேரத்தில் தடையாணை கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது, ஒரு வக்கீலைக் கோர்ட் கமிஷனராக வைத்துச் சரக்கைப் பூட்டவும் இருக்கிறது, சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துக்கென்றே தனிப் பிரிவும் இருக்கிறது. அந்தக் கதவுகளை வேகமாகத் திறக்க வைப்பதை விட்டுவிட்டு, எஸ்.ஐ.யை இலவசமாகக் கேட்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. உங்கள் சொத்துக்கு நீங்கள் கோர்ட் ஃபீஸ் கட்டுங்கள். என் வரிப் பணத்தில் சம்பளம் வாங்குகிற காவலர் உங்களுக்கு வாட்ச்மேன் இல்லை.

அப்படியானால் காப்பிரைட்டே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். இந்தக் கேள்வியில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. பாரதி இறந்தது 1921-ல். அன்றைய சட்டப்படி ஐம்பது வருடம், அதாவது 1971 வரை, யாரோ ஒருவர் கையில் அவருடைய பாட்டு இருந்திருக்கும். ஒலிப்பதிவு உரிமை ஏவி. மெய்யப்பரிடம் இருந்தது. 1949-ல் ஓமந்தூரார் அரசு பாரதி படைப்புகளை வாங்கி நாட்டுடைமை ஆக்க ஏற்பாடு செய்தது. தாகூர் விஷயத்தில் தில்லி நேர்மாறாக நடந்தது. அவர் இறந்தது 1941, ஐம்பது வருடம் 1991-ல் முடிகிறது; விஸ்வபாரதிக்காகச் சட்டத்தையே திருத்தி அறுபது வருடமாக்கினார்கள். அந்தப் பத்து வருட நீட்டிப்பு இந்தியாவில் எழுதுகிற எல்லோருக்குமாக இன்றும் நிற்கிறது. அரசு எதுவரை வரலாம் என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் ஓமந்தூரார் செய்தது. அதற்கப்புறம் எத்தனையோ எழுத்தாளர்களின் படைப்புகள், குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து, நாட்டுடைமையாகியிருக்கின்றன. கல்கி 1999-ல், புதுமைப்பித்தன் 2002-ல். தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் இலவசமாகப் படிக்கலாம். குடும்பம் ஒப்புக்கொண்டு, விலை கொடுத்து, எல்லோருக்கும் திறந்துவிடுவது. பரிவுத்தொகை அற்பம் என்ற புகாரும் நியாயமானதே, அதை இங்கே விரித்தால் பதில் முடியாது.

இனி உங்கள் வீட்டு விஷயம். தம்பிக்கு அவசரம் ஒன்றுதான்: சரக்குக் கைப்பற்றின நாளிலிருந்து 15 நாளுக்குள் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போட்டுத் திருப்பிக் கேட்கலாம். 64-வது பிரிவிலேயே அது இருக்கிறது, பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. லோகோ இல்லாத சரக்கையும் சேர்த்து அள்ளியிருந்தால் அதைத் தனியாகப் பட்டியல் போட்டுக் கேளுங்கள். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 105-வது பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் ஆடியோ-வீடியோவாகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். ஏழு வருடத்துக்கு உட்பட்ட தண்டனை என்பதால், பொதுவாக முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்தான் வர வேண்டும். எடுத்தவுடன் கைது என்றால் காரணம் எழுதியிருக்க வேண்டும். 63-வது பிரிவு "தெரிந்தே" மீறியவனுக்குத்தான். திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று நம்பி பில்லோடு வாங்கியிருந்தால் அந்த பில் பெரிய சாட்சி. பில்லே இல்லாமல் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று வாங்கியிருந்தால் என்னிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள், வக்கீல் ஃபீஸ் வீண். துணியில் அச்சடிக்கும் டிசைனாக இருந்தால் இன்னொரு வாதமும் உண்டு: டிசைன் சட்டத்தில் பதியக்கூடிய ஒன்றை அதன் உரிமையாளர் பதியாமல் ஐம்பது தடவைக்கு மேல் தொழில்முறையில் அச்சடித்துவிட்டால், காப்பிரைட் சட்டம் 15-வது பிரிவின்படி அதன் காப்பிரைட் போய்விடும்.

மச்சான் பையனுக்கு வருகிறேன். கானா எழுதி வைத்துப் பாடுகிற சாமான் இல்லை. சாவு வீட்டில் ராத்திரி முழுக்க, செத்தவர் பேரையும் தெருவையும் பண்ணின நல்லதையும் கோத்து அங்கேயே கட்டுவது. யார் மெட்டு என்று கேட்டால் புளியந்தோப்பு என்பான், இன்னொருவன் காசிமேடு என்பான். இந்தப் பொதுச் சொத்திலிருந்து சினிமா எடுத்துக்கொண்டபோது டைட்டிலில் பெயர் வந்தவர்களுக்குத்தான் பணம் போனது. 2012-ல் சட்டம் திருத்தி, படத்தில் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்தாலும் பறிக்க முடியாது என்றாக்கினார்கள். நல்ல சட்டம். பெயர் இருந்தால் மட்டுமே வேலை செய்யும் சட்டம்.

அவனுடைய சொந்த வரிகளுக்குக் காப்பிரைட் அவனுக்குத்தான், எங்கேயும் பதிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மெட்டு பழசாக இருந்தாலும், அவன் பாடிய பாட்டுக்கு 38-வது பிரிவில் கலைஞர் உரிமை என்று தனியாக 50 வருடம் உண்டு. முதன்முதலில் போனில் பதிவு செய்த ஃபைலையும், நண்பனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸையும் அழிக்க வேண்டாம், தேதிதான் சாட்சி. முதலில் யூடியூபில் உரிமை மீறல் புகார் கொடுக்கட்டும். கோர்ட்டுக்குப் போவதானால் எதிராளி எந்த ஊரில் இருந்தாலும், 62-வது பிரிவின்படி மச்சான் பையன் தான் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம். அவன் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவனாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைக்கும்.

எதிராளி சமாதானத்துக்கு வந்து "பெயர் போடுகிறோம், இதில் கையெழுத்துப் போடு" என்று ஒரு தாளை நீட்டுவான், அது அநேகமாக நடக்கும். அதில் எந்தப் பாட்டு, எத்தனை வருடம், எந்த ஊர்களுக்கு, எவ்வளவு பணம் என்பதெல்லாம் தமிழில் எழுதியிருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். காலம் எழுதவில்லை என்றால் சட்டப்படி ஐந்து வருடம், ஊர் எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும். "இதுவரை பாடியது, இனிமேல் பாடப்போவது எல்லாம்" என்று ஒரு வரி இருந்தால் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு என்னிடம் வரச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடாமல்.